ஆம்ப் மீட்டரின் முள்

தொழுதூரில் டீ குடித்துவிட்டுக் கிளம்பியபோது இருட்டிவிட்டது. திருச்சியிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்தேன். வண்டி, 1996இல் திருவொற்றியூர் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த புல்லட் 350. அதன் முன்பக்கக் கம்பியில் முந்தின வாரம்தான் 55 வாட் ஃபாக் லைட் இரண்டு மாட்டியிருந்தேன். நிலவில்லாத இரவு. ஆனாலும் சாலை நடுவே வளர்ந்திருந்த அரளிச் செடிகள் இலை இலையாகத் தெரிந்தன. ஸ்பீடோமீட்டருக்குக் கீழே ஓரமாக இருக்கும் சின்ன வட்டத்தில் ஒரு முள், நடுக்கோட்டை விட்டு இடதுபக்கம் சாய்ந்து ஆறில் நின்றிருந்தது. அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு மறுபடி சாலையைப் பார்த்தேன்.

உளுந்தூர்பேட்டையைத் தாண்டியதும் வெளிச்சம் மஞ்சளாகத் தொடங்கியது. பிறகு என்ஜின் ஒருமுறை இருமியது. அடுத்த இரண்டு கிலோமீட்டருக்குள் எல்லாம் அடங்கிப்போனது. இருட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் ஒரு பஞ்சர் கடை வாசலில் நிறுத்தினேன். கடைக்காரத் தம்பி டார்ச் அடித்து ஃபாக் லைட்டைப் பார்த்தான், பேட்டரியைத் தொட்டுப் பார்த்தான். "முள்ளு மைனஸ்ல நின்னா வண்டி கடன் வாங்கி ஓடுதுன்னு அர்த்தம் சார்" என்றான்.

மின்னியல் பாடநூல் எதிலும் நான் படித்திராத தெளிவு அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது. ஆம்ப் மீட்டர் என்பது பேட்டரிக்கும் வண்டியின் மற்ற மின்பகுதிகளுக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் கணக்குப்பிள்ளை. ஆல்டர்னேட்டர் செய்யும் மின்சாரம் செலவைவிட அதிகமாக இருந்தால் மிச்சம் பேட்டரிக்குள் போகும், முள் வலப்பக்கம் சாயும். செலவு அதிகமானால் பேட்டரியிலிருந்து எடுத்துக் கொடுக்கும், முள் இடப்பக்கம் சாயும். மின்திறனை மின்னழுத்தத்தால் வகுத்தால் மின்னோட்டம். 110 வாட் ஃபாக் லைட்டை 12 வோல்ட்டால் வகுத்தால் 9 ஆம்பியருக்கு மேல் வரும். 35 வாட் ஹெட்லைட்டுக்கு ஏறத்தாழ 3. இக்னிஷன் காயிலும் பின்விளக்கும் சேர்ந்தால் மொத்தச் செலவு 14 ஆம்பியரை நெருங்கும். முள் மைனஸ் ஆறில் நின்றது என்றால் என் ஆல்டர்னேட்டர் கொடுத்தது எட்டுதான். 9 ஆம்பியர்-மணிப் பேட்டரியிலிருந்து தொடர்ந்து ஆறு ஆம்பியர் எடுத்தால் காகிதக் கணக்கில் ஒன்றரை மணி நேரம் தாங்கும். மூன்று வயதான ஈய-அமிலப் பேட்டரி அவ்வளவு தாங்காது. வேகமாகக் கறந்தால் அது தன் முழுக் கொள்ளளவையும் தருவதில்லை.

என்ஜின் ஏன் நின்றது? இந்த வகைப் புல்லட்டில் ஸ்பார்க் பிளக்குக்குத் தேவையான மின்சாரம் பேட்டரியிலிருந்துதான் காயிலுக்குப் போகிறது. பேட்டரி காலியானால் விளக்கோடு தீப்பொறியும் போய்விடும். சாலை நன்றாகத் தெரியட்டும் என்று நான் மாட்டிய விளக்கு, என்ஜினின் உயிர்நாடியிலிருந்து கடன் வாங்கிக்கொண்டிருந்தது.

பழைய டூரிங் வண்டிக்கு ஏதாவது வாங்கிப் பூட்டும்போதெல்லாம் அந்தத் தம்பியின் சொல்லை நினைத்துக்கொள்கிறேன். இதற்கான செலவை வண்டியின் எந்தப் பாகம் கொடுக்கப்போகிறது? மின்சாரத்துக்கு மட்டும் புல்லட்டில் ஒரு முள் இருக்கிறது. வெப்பத்துக்கும் அதிர்வுக்கும் எடைக்கும் அப்படி முள் கிடையாது. அவற்றை நாமேதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

இந்த வண்டியின் பிறப்பை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது. இங்கிலாந்தின் ரெடிச் நகரத்தில் வடிவமைக்கப்பட்டது. 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் ரெடிச் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, சென்னைக்கு வந்தது. தாய் நிறுவனம் 1970ஐ ஒட்டிக் காணாமல் போனபின்னும் திருவொற்றியூரில் அதே 70 மி.மீ. விட்டமும் 90 மி.மீ. வீச்சும் கொண்ட 346 சி.சி. என்ஜின், வார்ப்பிரும்பு சிலிண்டரோடு, 2010 வாக்கில்தான் ஓய்ந்தது. கொடுப்பது 18 குதிரைத்திறன். வண்டியின் எடை சுமார் 163 கிலோ. ஹாலஜன் விளக்கும் செல்போன் சார்ஜரும் யாருடைய கற்பனையிலும் இல்லாத காலத்தில் போட்ட வரவு செலவுத் திட்டம் இது.

விளக்கு விஷயத்துக்கு நல்ல தீர்வு உண்டு. பழைய வண்டியின் ஒயரும் சுவிட்சும் காலப்போக்கில் களிம்பேறி மின்தடை கூடியிருக்கும். கால் ஓம் போதும். 5 ஆம்பியர் ஓடும் வழியில் அது 1.25 வோல்ட்டைத் தின்றுவிடும், அதாவது பத்தில் ஒரு பங்கு. ஹாலஜன் பல்பின் வெளிச்சமோ மின்னழுத்தம் குறைவதைவிடப் பல மடங்கு வேகமாகக் குறையும். பத்து சதவீதம் வோல்ட் குறைந்தால் ஏறத்தாழ முப்பது சதவீதம் வெளிச்சம் போய்விடும். "பல்பு சரியில்லை" என்று பெரிய வாட் பல்பைத் தேடும் பலருக்கு உண்மையில் தேவை ஒரு ரிலே. பேட்டரியிலிருந்து தடித்த ஒயரில் ஃபியூஸ் வைத்து நேராக விளக்குக்கு மின்சாரம் போகட்டும், பழைய சுவிட்ச் அந்த ரிலேயை மட்டும் தட்டி எழுப்பட்டும். ஆல்டர்னேட்டருக்குக் கூடுதல் சுமை ஏறக்குறைய இல்லை, வெளிச்சமோ புதிது. எல்.இ.டி. போட்டால் செலவு இன்னும் குறையும் என்பது சரிதான். ஆனால் ஹாலஜனுக்காகச் செய்த குழி ஆடியின் குவியத்தில் மெல்லிய இழை ஒன்று இருக்க வேண்டும். அந்த இடத்தில் இரண்டு பக்கமும் தட்டையாக ஒட்டிய எல்.இ.டி. பல்பைச் செருகினால் ஒளிக்கற்றை சிதறி எதிரே வருகிறவரின் கண்ணில் குத்தும். தனி ஆடியோடு வரும் எல்.இ.டி. விளக்கைத் தாழ்வாகப் பூட்டுவதே முறை. என் வண்டியில் இப்போது இருப்பது அதுதான். ஹெட்லைட்டோடு சேர்த்துப் போட்டாலும் முள் நடுவை விட்டு நகர்வதில்லை.

வெப்பத்தின் கணக்கு இன்னும் நுணுக்கமானது. பிஸ்டன் அலுமினியம், அதைச் சுற்றியுள்ள சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூடேறினால் அலுமினியம் இரும்பைப் போல இரண்டு மடங்கு விரியும். 70 மி.மீ. விட்டமுள்ள இரண்டும் 100 டிகிரி சூடேறினால் பிஸ்டன் சுமார் 0.15 மி.மீ. பருக்கும், சிலிண்டர் சுமார் 0.07தான் விரியும். பிஸ்டனோ எப்போதும் சிலிண்டரைவிடச் சூடாகத்தான் இருக்கும். இரண்டுக்கும் நடுவே குளிர்ந்த நிலையில் விட்டிருக்கும் தலைமயிர் அளவு இடைவெளி இதனால்தான். காலையில் உதைத்ததும் ஆக்ஸிலேட்டரை முறுக்காமல் ஓரிரண்டு நிமிடம் தாலாட்ட வேண்டும் என்று பெரியவர்கள் சொல்வதிலும் இந்த அறிவு இருக்கிறது. பிஸ்டன் சீக்கிரம் சூடேறும், கனத்த இரும்பு மெதுவாகத்தான் பின்தொடரும்.

ஒரு மே மாதம் இதை மறந்து ஒரு காரியம் செய்தேன். முன்னால் உள்ள கிராஷ் கார்டில் இரண்டு பக்கமும் பை கட்டினேன். ஒன்றில் ரெயின்கோட், இன்னொன்றில் ஸ்பேனர்களும் தண்ணீர்ப் பாட்டிலும். பார்க்க அழகாகத்தான் இருந்தது. காற்றால் குளிரும் என்ஜினுக்கு அந்தப் பைகள் மூக்கில் வைத்த கை. மணிக்கு 75இல் போய்க்கொண்டிருந்தபோது வண்டியை யாரோ பின்னாலிருந்து இழுப்பதுபோல் இருந்தது. கிளட்ச்சைப் பிடித்து ஓரங்கட்டினேன். பிஸ்டன் லேசாகப் பிடித்து விட்டிருந்தது. அரை மணி நேரம் ஆறவிட்டபின் உதை இறங்கியது. வார்ப்பிரும்பு அலுமினியத்தைவிட மிக மெதுவாக வெப்பத்தைக் கடத்தும் உலோகம். அதன் விசிறிச் செதில்களுக்கு வரும் காற்றுதான் அதற்கு மூச்சு. அந்தக் காற்றின் பாதையில் எதையும் கட்டக்கூடாது. பைகள் பின்னால்தான் போக வேண்டும்.

மூச்சு என்றதும் ப்ரீதரைச் சொல்லாமல் விட முடியாது. "புல்லட்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் மேல் எனக்கு வருத்தம் உண்டு. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அதன் அடியில் உள்ள கிராங்க் அறையின் கொள்ளளவும் 346 சி.சி. கூடிக் குறைகிறது. நிமிடத்துக்கு 3,000 சுற்றில் இது விநாடிக்கு 50 முறை. இறங்கும்போது அந்தக் காற்று வெளியேற வேண்டும், ஏறும்போது திரும்ப உள்ளே வரக்கூடாது. இதற்காகவே ப்ரீதரில் வாத்தின் அலகுபோல ரப்பரில் ஒரு ஒருவழி வால்வு இருக்கிறது. அது நன்றாக இருந்தால் கிராங்க் அறையில் வெளிக்காற்றைவிடச் சற்றுக் குறைந்த அழுத்தம் நிலவும், ஆயில் உள்ளேயே கிடக்கும். ரப்பர் கெட்டியாகி அலகு ஒட்டிக்கொண்டால் ஒவ்வொரு வீச்சும் ஒரு பம்பாகி, ஆயிலைக் கிடைத்த மூட்டு வழியாகவெல்லாம் பிதுக்கித் தள்ளும். இரண்டு முறை கேஸ்கெட் மாற்றியும் நிற்காத ஒழுகல், விரல் நீள ரப்பர்த் துண்டு ஒன்றை மாற்றியதும் நின்றதைப் பார்த்திருக்கிறேன். அதனால் பழைய வண்டி வாங்கினால் முதலில் மாற்ற வேண்டியது இதுவென்றே நினைக்கிறேன். குரோம் பூசிய பாகங்கள் பிறகு வரட்டும்.

இனி அதிர்வு. 3,000 சுற்றில் பிஸ்டன் விநாடிக்கு 50 முறை உச்சிக்குப் போய் நின்று திரும்புகிறது. அப்படித் திரும்பும் கணத்தில் அதன் முடுக்கம் புவியீர்ப்பைப்போல 450 மடங்கைத் தாண்டும். ஒற்றை சிலிண்டர் என்பதால் எதிர்த்திசையில் ஓடி ஈடுகட்ட இன்னொரு பிஸ்டன் இல்லை. ஃப்ளைவீலில் வைத்திருக்கும் எதிரெடை ஒரு பங்கை மட்டும்தான் சமன் செய்யும், அதுவும் மேல்கீழ் ஆட்டத்தை முன்பின் ஆட்டமாக மாற்றித்தான். இந்த விசை, சுற்றின் இருமடிக்கு ஏற்ப வளரும். 3,000இலிருந்து 2,400க்கு இறங்கினால் குலுக்கல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைந்துவிடும். புல்லட்காரர்கள் ஐம்பதுக்கும் அறுபதுக்கும் நடுவே ஒரு சுகமான வேகத்தைக் கண்டுபிடித்து அதிலேயே நாள் முழுக்கப் போவார்களே, உடம்பு தானே போட்டுக்கொண்ட இருமடிக் கணக்கு அது.

என் முதல் கேரியர் இந்தக் கணக்கில்தான் முறிந்தது. உள்ளூர்ப் பட்டறையில் பட்டைக் கம்பியை வளைத்து வெல்டு வைத்துச் செய்தது. பத்துக் கிலோ பையைக் கட்டிக்கொண்டு ஏற்காடு போய்த் திரும்பும்போது வெல்டிங் ஓரத்தில் நேராகக் கத்தியால் வெட்டியதுபோல் விட்டுப்போனது. பட்டறைக்காரர் கோபப்பட்டார்: "நூறு கிலோ ஆள் ஏறி நின்னாலும் வளையாதுங்க இது." அவர் சொன்னது உண்மை. நூறு கிலோவை ஒருமுறை தாங்குவதும், சில கிலோ விசையை விநாடிக்கு 50 முறை வீதம் எட்டு மணி நேரம் தாங்குவதும் உலோகத்துக்கு வேறு வேறு சோதனைகள். எட்டு மணி நேரத்தில் 14 லட்சம் தடவைக்கு மேல் ஆகிறது. ஜெர்மனியின் ஆகஸ்ட் வோலர், ரயில் அச்சுகள் ஏன் எந்தக் காரணமும் இல்லாமல் ஒடிகின்றன என்று 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஆண்டுக்கணக்காகச் சோதித்து இந்த உலோகச் சோர்வை வகைப்படுத்தினார். எஃகுக்கு ஒரு வரம்பு உண்டு, அதற்குக் கீழே எத்தனை கோடி முறை ஆட்டினாலும் சோராது. அலுமினியத்துக்கு அப்படி ஒரு தெளிவான வரம்பு இல்லை. அதனால்தான் ஒற்றை சிலிண்டர் வண்டிக்கு எஃகுக் குழாய்க் கேரியரையே சிபாரிசு செய்கிறேன். வெல்டிங்கின் ஓரம் எப்போதும் பலவீனம், ஆகவே விசை அதிகமாகும் வளைவில் வெல்டு வைக்கக்கூடாது. வண்டியின் சட்டத்தில் நேரடியாக வெல்டு வைக்கவே கூடாது. இரண்டு இடத்தில் மட்டும் பிடித்திருந்தால் கேரியர் துள்ளுபலகைபோல ஆடும். மூன்றாவதாக ஒரு தாங்கு கொடுத்து, போல்ட்டுக்கு அடியில் ரப்பர் புஷ் வைத்தால் அடங்கும்.

நட்டு போல்ட்டு கழல்வதற்கும் இதே அதிர்வுதான் காரணம், ஆனால் நாம் நினைக்கும் விதத்தில் இல்லை. கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் 1969இல் காட்டியது இது: போல்ட்டின் நீளத்துக்குக் குறுக்கே, பக்கவாட்டில் இரண்டு தகடுகள் நழுவினால்தான் மரை வேகமாகக் கழல்கிறது. நழுவும் கணத்தில் மரையின் உராய்வு ஏறக்குறைய இல்லாமல் போகிறது, இறுக்கத்தின் விசையே நட்டைத் திருப்பி விட்டுவிடுகிறது. ஸ்பிரிங் வாஷர் இதற்குப் பெரிதாக உதவாது. நைலாக் நட்டும், மரையில் இரண்டு சொட்டு லாக்டைட்டும் உதவும். எல்லாவற்றுக்கும் மேலாக, முதலிலேயே போதிய இறுக்கம் கொடுத்துத் தகடுகளை நழுவவிடாமல் பிடிக்க வேண்டும். புதிதாக எதைப் பூட்டினாலும் முதல் 100 கிலோமீட்டரில் ஒரு தடவை ஸ்பேனர் வைத்துப் பார்ப்பேன். சைலன்சர் பிடிப்பு, மட்கார்டு, என்ஜினைச் சட்டத்தோடு பிணைக்கும் போல்ட்டுகள் ஆகியவற்றை ஒவ்வொரு பயணத்துக்கும் முன் பார்ப்பேன்.

சுமையை எங்கே வைப்பது? பின்சக்கர அச்சுக்கு 40 செ.மீ. பின்னால் 15 கிலோ பெட்டி ஒன்றைக் கட்டினால், இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 137 செ.மீ. உள்ள புல்லட்டில் முன்சக்கரம் 4 கிலோவுக்கு மேல் இலேசாகும், பின்சக்கரம் 19 கிலோவுக்கு மேல் கூடுதலாகச் சுமக்கும். சீசா பலகையின் கணக்கேதான். முன்சக்கரத்தின் பிடிமானம் குறைந்து, வேகத்தில் வால் ஆடும். அதே 15 கிலோவை சாடில் பையில் இரண்டாகப் பிரித்து, தாழ்வாக, அச்சுக்கு முன்னால் வைத்தால் வண்டிக்கு அது தெரியவே தெரியாது. முன்கண்ணாடி பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நெஞ்சில் காற்று மோதாமல் காப்பாற்றும், தோள்வலி குறையும். ஆனால் காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்பக் கூடும் என்பதால், 60இலிருந்து 80க்குப் போக அது 2.4 மடங்காகிவிடும். 18 குதிரைகளில் அதற்கு மேல் எவ்வளவு மிச்சம் என்று பார்த்துத்தான் கண்ணாடியின் அகலத்தை முடிவு செய்ய வேண்டும்.

நாம் கேட்காமலே வந்து சேர்ந்த ஒரு மாற்றமும் இருக்கிறது: பெட்ரோலில் 20 சதவீத எத்தனால். 2023இல் தொடங்கி இப்போது எல்லா பங்க்கிலும் அதுதான். ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 போதும். கலவைக்குச் சுமார் 13.5. புதிய வண்டிகளில் கணினி இதை உணர்ந்து எரிபொருளைக் கூட்டிக்கொள்ளும். நம் கார்புரேட்டரில் இருப்பது பித்தளையில் துளையிட்ட ஒரு ஜெட், அதற்குத் தெரிந்தது துளையின் அளவு மட்டும். ஆகவே கலவை 8 சதவீதம் வரை மெலிந்துபோகும், என்ஜின் கூடுதலாகச் சூடேறும், பிளக்கின் நுனி பால்காப்பி நிறம் மாறி வெளுக்கும். ஒரு எண் பெரிய மெயின் ஜெட் இதைச் சரிசெய்யும். பழைய பெட்ரோல் டியூபையும் கார்புரேட்டரின் ரப்பர் வாஷர்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிட வேண்டும். எத்தனால் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், ஆகவே வண்டியை மாதக்கணக்கில் நிறுத்துவதானால் கார்புரேட்டர் கிண்ணத்தையாவது வடித்துவிட வேண்டும்.

உயரம் இதற்கு நேர்மாறாக வேலை செய்கிறது. 2,240 மீட்டர் உயரமுள்ள ஊட்டியில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ எண்பது சதவீதம். கார்புரேட்டர் இழுக்கும் பெட்ரோல் அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும், ஆகவே காற்று 20 சதவீதம் குறையும் இடத்தில் பெட்ரோல் 10 சதவீதம் மட்டுமே குறையும். கலவை செறிந்துவிடும். சென்னையில் எத்தனாலால் மெலிந்து தவித்த வண்டிக்கு ஊட்டியில் கலவை தானாகவே சரியாகிவிடுவதை இந்த இரண்டு எண்களும் விளக்குகின்றன. பெரிய ஜெட் போட்டவர்கள் அங்கே கரும்புகை பார்த்தால் பயப்பட வேண்டாம். ஊசியின் கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றினால் போதும்.

ஏறியதை இறங்கியாக வேண்டும். வண்டி, ஓட்டுகிறவர், பின்னால் ஒருவர், பை எல்லாம் சேர்ந்து 300 கிலோ என்று வையுங்கள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ஏறத்தாழ 1,900 மீட்டர் இறக்கம். அதில் விடுபடும் ஆற்றல், பதினாறு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதும். இவ்வளவையும் இரண்டு டிரம் பிரேக்குகளுக்குள் கொட்டினால் ஷூவின் உராய்வு குறையும். அதோடு சூட்டில் டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லீவர் கைப்பிடிவரை வந்துவிடும். டிஸ்க் பிரேக் சூட்டில் பருத்தால் பேடை நோக்கித்தான் வரும், டிரம் விலகிப் போகிறது. அதனால் வழியில் வரும் பர்லியார்வரை இரண்டாம் கியரிலேயே இறங்குவேன். ஆக்ஸிலேட்டரை மூடினால் அந்தப் பெரிய ஒற்றை பிஸ்டனே காற்றை இழுத்து இழுத்து ஆற்றலைச் செலவழிக்கும். சூட்டை டிரம்முக்குப் பதில் செதில்கள் வாங்கிக்கொள்ளும். அதற்காகத்தானே அவற்றின் முன்னால் எதையும் கட்டாமல் வைத்திருக்கிறோம். கீழே வந்து நின்றதும் சக்கர மையத்தின் அருகே புறங்கையைக் கொண்டுபோவேன், தொடமாட்டேன். அனல் அடித்தால் ஒரு டீக்கு நேரம்.

என் மகளுக்குப் புல்லட்டை உதைக்கக் கற்றுக்கொடுத்தது மேட்டுப்பாளையத்தில் அப்படி ஒரு டீக்கடை முன்னால்தான். முதல் மூன்று உதையில் கிக்கர் திருப்பி அடித்தது. அப்போது முள்ளைக் காட்டினேன். சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாக அழுத்தினால், பாயின்ட் மூடியிருக்கும்போது காயிலுக்குள் மின்சாரம் ஓடும், முள் சற்று இடப்பக்கம் சாயும். பிஸ்டன் உச்சிக்கு வரும்போது பாயின்ட் திறக்கும், மின்சாரம் நிற்கும், முள் நடுவுக்குத் திரும்பும். கிக்கர் கல்போல் எதிர்க்கும் இடத்தில் முள் நடுவில் நின்றால், சிலிண்டரின் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஷரைப் பிடித்து, கிக்கரை ஒரு விரற்கடை தள்ளி, விட்டுவிட்டு, முழு வீச்சில் இறக்க வேண்டும். அவள் குனிந்து அந்தச் சின்ன வட்டத்தையே பார்த்துக்கொண்டு கிக்கரை அழுத்தினாள். முள் சாய்ந்தது, திரும்பியது. "இப்பவாப்பா?" என்றாள். "இப்ப" என்றேன்.